என் வீட்டுக்காரர் தேடிப்போன பூட்டன்

என் வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி ஓர் இரும்புத் துண்டை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடியிருந்தால் தூக்கி ஓரமாய்ப் போட்டுவிடுகிறவர். புனேக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்திரண்டு வருஷம் அதுதான் அவர் வேலை. வீட்டிலும் அதே கதைதான். நிக்டியில் நாங்கள் வீடு கட்டியபோது ஜன்னல் சட்டம் கோணல் என்று மேஸ்திரியை மூன்று தடவை பிரிக்க வைத்தார். தோசை வட்டமாக இல்லாவிட்டால் ஒரு பார்வை பார்ப்பார். பதிலுக்கு நான் ஒரு பார்வை பார்த்தால் பேசாமல் சாப்பிட்டுவிடுவார். இத்தனை கறாரான மனுஷன் தன் பரம்பரையைத் தேடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டார்.

அவர் ஊர் தாராபுரம் பக்கம். நான் கோபி பக்கம். எழுபத்தெட்டில் கல்யாணமாகி நான் புனே வந்தபோது எனக்கு மராத்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆறே மாதத்தில் பாஜி மார்க்கெட்டில் கொத்தமல்லிக்குச் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். அவர் இருபது வருஷம் கழித்தும் "பஸ், டீக் ஹை", அதாவது போதும், சரி என்ற மூன்று இந்தி வார்த்தையில் குடித்தனம் நடத்தினார். எங்களுக்கு ஒரே பெண், கிருஷ்ணப்ரியா. தமிழை அரைகுறையாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள், கோபம் வந்தால் இந்திக்குத் தாவிவிடுவாள்.

பரம்பரைப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது தொழிற்சாலை கேன்டீனில். அங்கே அவரோடு உட்கார்ந்து சாப்பிட்ட மராத்திக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டை இருந்தது. ஒருவரின் முப்பாட்டன் அதன் கதவைத் திறந்தவர், இன்னொருவருடையவர் அதே கதவை மூடியவர். அதில் எவ்வளவு நிஜம் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் ஆள் யார் என்று இவரைக் கேட்டார்கள். இவருக்குத் தன் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, சென்னியப்பன் வரைக்கும்தான் தெரியும். அந்தச் சென்னியப்பனுக்கு அப்பாவாக வேலப்பன் என்று ஒரு பூட்டன் இருந்தார் என்று பேர் மட்டும் காதில் விழுந்திருந்தது. விவசாயிகள் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வந்துவிட்டார். அன்று முழுக்க முகம் தொங்கிப்போயிருந்தது.

தொண்ணூற்றாறில் அவருடைய அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு ஊருக்குப் போனோம். காட்டுப்பக்கம் நடந்தபோது, தூர்ந்துபோன ஒரு பெரிய கிணற்றின் மேட்டில் கல் ஒன்று நட்டிருப்பதைப் பார்த்தார். சுரண்டிப் பார்த்தால், "சென்னியப்பன் வெட்டிவித்த கிணறு, 1868." அப்பாரு பேர்! ஆனால் அப்பாரு பிறந்ததே 1895 வாக்கில். கிணற்றை வெட்டி முடித்து இருபத்தேழு வருஷம் கழித்து அவர் பிறந்திருக்க முடியாது.

எங்கள் பக்கத்தில் மூத்த பையனுக்கு அப்பாருவின் பேரைத்தான் வைப்பார்கள். அது சட்டம் மாதிரி. என் வீட்டுக்காரர் அந்த மேட்டிலேயே நின்று கணக்குப் போட்டார். அப்பாரு சென்னியப்பன் என்றால், அவருடைய அப்பாருவும் சென்னியப்பனாகத்தானே இருக்க வேண்டும்? ஆகவே கிணறு வெட்டியவர் தன் ஓட்டன், அதாவது பூட்டனுக்கு அப்பா. அதோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. பூட்டன் வேலப்பன் என்பதால் அந்தச் சென்னியப்பனின் அப்பாவும் ஒரு வேலப்பன், அவருக்கு அப்பா ஒரு சென்னியப்பன் என்று, ஒரு காகிதமும் பார்க்காமல், இரண்டே பேரை வைத்துக்கொண்டு ஏழு தலைமுறை ஏறிவிட்டார்.

புனே திரும்பியதும் டூல் ரூமில் மிஞ்சிய பெரிய டிராயிங் ஷீட்டில் வம்சப் படம் வரைந்தார். கோடெல்லாம் அச்சடித்தது போல நேர். கிணறு வெட்டிய சென்னியப்பன் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மை. அதை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காபி வருவதற்கு முன்னால் சென்னியப்பன் வந்துவிடுவார். அந்த மனிதர் கருங்கல்லில் எழுபது அடி வெட்டினார், பதினெட்டு ஏக்கர் நனைய நாலு கமலையில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தார் என்று இவர் சொல்லும்போது, பக்கத்தில் இருந்து பார்த்தவர் போலவே இருக்கும். பூட்டன் வேலப்பனைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, அவர் ஒன்றும் செய்யவில்லை, நடுவில் இருந்தார் என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கேன்டீனில் தலை நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார். அது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சும்மா இருக்காமல் அத்தாட்சி தேடினார். தாசில்தார் அலுவலகத்துக்கும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் மனு மேல் மனு. மூன்று வருஷம் எழுதினார். எனக்கு எழுதிய காதல் கடிதங்களை எண்ண ஒரு கை விரலே அதிகம்.

இரண்டாயிரமாவது வருஷம், அவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்தும் பார்த்தேன். பிரித்தது தப்பு என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் பிரித்தேன். உள்ளே 1893-இல் பதிவான ஒரு தானப் பத்திரத்தின் நகல். எழுதிக் கொடுத்தவர் நாச்சிமுத்து குமாரர் சென்னியப்பன். அதற்குக் கீழே இப்படி இருந்தது:

"தாது வருஷத்துப் பஞ்சத்தில் ஐந்தாறு வயசில் என் களத்துக்கு நடந்து வந்து சேர்ந்து, தாய் தகப்பன் பேரும் ஊர் பேரும் சொல்லத் தெரியாமல், அது முதல் பதினாறு வருஷமாய் என் கமலையை ஓட்டிவரும் வேலப்பன் என்பவனுக்கு நான் பிரியப்பட்டு எழுதிக்கொடுத்தது. இவன் எனக்குப் பங்காளியல்ல. என் பங்காளிகள் யாதொருவரும் இவனிடத்தில் யாதொரு தகராறும் செய்யக் கூடாது."

மூன்று ஏக்கர் புன்செய்க் காடும், கிணற்றில் கால் பங்குத் தண்ணீரும்.

நான் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன். சென்னியப்பன் இவருக்கு ஓட்டனே இல்லை. நடுவில் இருந்தவர், ஒன்றும் செய்யாதவர் என்று இவர் ஒதுக்கினாரே, அந்த வேலப்பன்தான் முதல் ஆள். அவருக்கு மேலே ஒரு பேர்கூட இல்லை.

பொங்கி வழிந்த பாலைத் துடைத்துவிட்டு, சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டி, மேஜைமேல் வைத்தேன். அவர் வந்தார், அறைக்குள் எடுத்துப் போய்ப் படித்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. என்ன தபால் என்று கேட்டதற்கு ஏதோ பழைய நில விவகாரம், உபயோகமில்லை என்றார். பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அதற்கப்புறம் வருகிறவர்களுக்குக் காபி முதலில் வந்தது. படம் சுவரில் இருந்தது, அதைப் பற்றிப் பேச்சில்லை. கேன்டீனில் கோட்டைக் கதை வந்தால் இவர் கை கழுவ எழுந்துவிடுவதாக அவருடைய நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு அவர்மேல் பரிதாபம் பாதி, எரிச்சல் பாதி. அஞ்சு வயசுப் பையன் பஞ்சத்தில் தனியாக நடந்து வந்து பிழைத்திருக்கிறான். கிணறு வெட்டியதைவிட அது குறைச்சலா? கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு வரை வரும். ஆனால் அவர் பூட்டன், அவர்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று வருஷம் ஒரே வீட்டில் ஒரே ரகசியத்தை ஆளுக்கொரு பக்கமாக மறைத்துக்கொண்டு இருந்தோம்.

இரண்டாயிரத்து மூன்றில் கிருஷ்ணப்ரியா ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகுல்நாத் என்ற பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரே கம்பெனி, ஒரே கேப், தினமும் ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து பேசிப் பழகியிருக்கிறார்கள். பையன் கோபிக்காரன். எங்கள் ஜனம். பேசினால் என் அண்ணன் பேசுவது போலவே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை, கேசரி கிண்டினேன். கேசரியை வைத்துக்கொண்டே, எந்தக் கூட்டம் கண்ணு என்று கேட்டேன். பையன் விழித்தான். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னான்.

எங்கள் கூட்டம்தான்.

எங்கள் ஜனத்தில் ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும், முன்னே பின்னே பார்த்தே இருக்காவிட்டாலும், கல்யாணம் கிடையாது. இது இரண்டு வருஷமாக ஒன்றாகச் சுற்றிய இந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கம்பெனிப் படிவம் எதிலும் கூட்டம் கேட்கவில்லையே.

எங்கள் பெண் கொதித்தாள்.

"அரே, யார்னே தெரியாத ஒரு ஆளுக்காக நான் கோகுலுக்குத் தங்கச்சி ஆகணுமா? க்யா லாஜிக் ஹை இது?"

ரெஜிஸ்டர் ஆபீசில் பண்ணிக்கொள்ளலாம் என்றாள். அந்தப் பையன் முடியாது என்றான். அப்பா அம்மாவை அழவைத்துவிட்டு வந்தால் உன்னோடும் நிம்மதியாக இருக்க மாட்டேன் என்று எங்கள் முன்னாலேயே சொன்னான். அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது. அதற்கப்புறம் என் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. எங்களுடையது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது சென்னியப்பனுடைய கூட்டம். நான் பீரோவைப் பார்ப்பேன், என் வீட்டுக்காரரைப் பார்ப்பேன். அவர் தரையைப் பார்ப்பார்.

அவருக்கு என்ன தடை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் காகிதத்தை வெளியே எடுத்தால் இவரோடு போகாது. ஊரில் அண்ணன் குலதெய்வக் கோயிலில் முன்வரிசையில் நிற்கிறவர். ஊர் பேர் தெரியாத, கமலை ஓட்டின ஆளின் வாரிசு என்று தெரிந்தால் அந்த இடம் என்ன ஆகும்? அப்புறம், கூட்டமே இல்லாத வீட்டில் பெண் எடுப்பார்களா என்பது ஒரு கேள்வி. பெண்ணின் கல்யாணமும் போய், குடும்பத்தின் பேரும் போனால்?

இரண்டு வாரம் கழித்துக் கோகுலின் அப்பா சின்னதுரையும் அம்மா சந்திரிகாவும் மகனைப் பார்க்கப் புனே வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மதியம் சாப்பிட வந்தார்கள். சின்னதுரை ரிட்டயர்டு தலைமையாசிரியர், மெதுவாகப் பேசுவார், பேசினால் முடிந்தது. சாப்பிட்டுக் கைகழுவி உட்கார்ந்ததும், உங்கள் பெண்ணை எங்களுக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் நேரில் வந்தோம், முறை இல்லாத சம்பந்தத்தை எங்களால் செய்ய முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றார். சொல்லிக்கொண்டே சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாக ஏழு தலைமுறை எழுதி வைத்திருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று வேறு சொன்னார். சமையலறை வாசலில் கிருஷ்ணப்ரியா நின்றாள்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். அறைக்குள் போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

வந்து காகிதத்தைச் சின்னதுரை கையில் கொடுத்தார்.

"படத்துல மேல இருக்கறதெல்லாம் தப்புங்க. நானா எழுதுனது. எங்க பூட்டன் வேலப்பன், பஞ்சத்துல நடந்து வந்த பையனுங்க. எந்தக் கூட்டம்னு அவருக்கே தெரியாது. இது எனக்கு மூணு வருசமாத் தெரியுமுங்க. வெளிய சொல்ல வெக்கப்பட்டு மறைச்சுப்போட்டேன்."

சின்னதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இவன் எனக்குப் பங்காளியல்ல" என்ற வரி வந்ததும் சத்தமாகப் படித்தார், மறுபடி ஒரு தடவை படித்தார். மூன்று வருஷமாக என் வீட்டுக்காரரைக் குத்திக்கொண்டிருந்த வரி அது. அன்றைக்கு அதைக் கேட்டபோது எனக்குக் கோயில் மணி அடித்தது போல இருந்தது.

ஆனால் வாத்தியார் வாத்தியார்தான். ஒரு சந்தேகம் கேட்டார். அப்படியானால் உங்கள் அப்பாருவுக்குச் சென்னியப்பன் என்று எப்படிப் பேர் வந்தது? அப்பாருவின் அப்பாரு பேரைத்தானே வைப்பார்கள்?

என் வீட்டுக்காரர் படத்தில் அப்பாருவின் கட்டத்தைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"பொறந்த பையனுக்குத் தன்ற அப்பன் பேர வெக்கோணும். வேலப்பனுக்கு அப்பன் பேரே தெரியாதுங்க. அதனால சோறு போட்டவரு பேர வெச்சுப்போட்டாரு."

இதை அவர் எப்போது யோசித்துக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தக் காகிதத்தை மூன்று வருஷம் மனசில் வைத்துப் புரட்டியும் எனக்குத் தோன்றவில்லை. சந்திரிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சின்னதுரைக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. கூட்டமே தெரியாத பையன் என்றால், ஒருவேளை அவன் எங்கள் கூட்டத்துப் பையனாகவே இருந்திருந்தால்? அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அப்படிப் பாத்தா ரோட்டுல போற அத்தனை பேரையும் அண்ணன்னுதானுங் கூப்புடோணும். ஒருத்தருக்கும் கலியாணம் ஆகாது. நானும் இந்தக் காயிதத்த மூணு வருசமா மனசுக்குள்ள வெச்சுப் பாத்துட்டேன், இதுல அப்படி எந்தச் சிக்கலும் இல்லீங்க."

என் வீட்டுக்காரர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் நூறு கேள்வி. நான் மோர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

சந்திரிகாதான் முதலில் சிரித்தது. சிரித்துவிட்டு, பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சின்னதுரை உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. காகிதத்தை மகனிடம் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார், கோபிக்குக் கொண்டுபோய் நாலு பெரியவர்களிடம் காட்டினார். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. பங்காளி இல்லை என்று பத்திரமே சொல்லும்போது நாங்கள் யார் மறுக்க என்றார். அந்தப் பத்து நாளில் என் வீட்டுக்காரர் என்னிடம் சரியாகப் பேசவில்லை, தபாலைப் பிரித்த கோபம். பதினோராவது நாள் அவரே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார், நான் குடித்துவிட்டேன்.

ஊரில் அண்ணன் சும்மா விடுவாரா? போனில் கால் மணி நேரம் கத்தினார். கோயிலில் எங்களை யார் மதிப்பார்கள், ஒரு பெண்ணுக்காகக் குடும்பத்தையே நடுத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்றார். என் வீட்டுக்காரர் ரிசீவரைக் காதில் வைத்தபடி எல்லாவற்றுக்கும் "ஆமாங்ண்ணா" சொன்னார். காகிதத்தை மறுபடி உள்ளே வைக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு அண்ணன் வரவில்லை. அது அவருக்கு வலித்தது. கல்யாணத்துக்கு வந்தார், முதல் பந்தியில் சாப்பிட்டார்.

நிச்சயதார்த்தத்தை நிக்டியிலேயே ஒரு சின்ன ஹாலில் வைத்தோம். இவருடைய கேன்டீன் நண்பர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை முன்னால் நின்று நடத்திவைக்கும் பெரியவருக்கு அருமைக்காரர் என்று பேர். கோபியிலிருந்து ஒருவரை மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் அழைத்து வந்திருந்தார்கள். அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. வெற்றிலைத் தட்டை எதிரில் வைத்துக்கொண்டு நிச்சய ஓலை எழுத உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தின் பேரை எழுதினார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பொண்ணு வூடு எந்தக் கூட்டமுங்க?"

ஹாலில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். இதை நாங்கள் யாரும் யோசித்து வைக்கவில்லை. பங்காளி இல்லை என்று தீர்ந்துபோனதோடு விட்டுவிட்டோம், என்னவென்று எழுதுவது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சின்னதுரை தர்மசங்கடமாகத் தொண்டையைச் செருமினார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். என் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"வெறுமையா விட வேண்டாமுங்க. எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஆளுன்னு ஒருத்தர் இருந்திருப்பாருல்ல? அவருக்கு முன்னால ஆருன்னு ஆருக்குத் தெரியும்? எங்களுக்கு முதல் ஆளு வேலப்பன். பஞ்சத்துல அஞ்சு வயசுல தனியா நடந்து வந்து பொழச்சவரு. வேலப்பன் வூடுன்னு எழுதுங்க."

அருமைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒரு பேரைக் கேள்விப்பட்டதில்லையே என்று முகத்தில் எழுதியிருந்தது. அப்புறம் குனிந்து, ஓலையில் அப்படியே எழுதினார். எழுதியதை எழுந்து நின்று சபைக்குப் படித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போன நாள் வேறு இல்லை. அவர் உட்கார்ந்ததும் காதோடு குனிந்து அதைச் சொல்லியும் விட்டேன். அவர் வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.